புள்ளியிடும் பொறியை வாங்குமுன்

நான் வேலை செய்யும் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் சென்ற இலையுதிர் காலத்தில் மூன்று நிறுவனங்களின் விற்பனையாளர்கள் அடுத்தடுத்து வந்து போயினர். ஊழியர் ஒவ்வொருவரது திறனையும் செயற்பாட்டையும் கணனியில் பதிந்து, ஆண்டு முடிவில் புள்ளியிட்டுத் தரும் மென்பொருள் ஒன்றை வாங்குவதற்கு நிர்வாகம் தீர்மானித்திருந்தது. எதை வாங்குவது என்ற கேள்வி எம் முன்னும் வைக்கப்பட்டது. நிர்வாகத்தின் பெருந்தன்மையால் அன்று. சட்டம் அவ்வாறு கட்டளையிடுவதால்.

ஜேர்மனியில் ஊழியரின் நடத்தையையோ உழைப்பையோ கண்காணிக்கக்கூடிய எந்தத் தொழில்நுட்பச் சாதனத்தையும், ஊழியர் தெரிவுசெய்த பணியாளர் மன்றின் உடன்பாடின்றிப் புகுத்த முடியாது. 'பெற்றீப்ஸ்றாட்' என இங்கு அழைக்கப்படும் அந்த மன்றுக்கு, 1972ஆம் ஆண்டின் தொழிற்கூட அமைப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு இந்த உரிமையை வழங்குகிறது. எங்கள் மன்றில் நானும் ஓர் உறுப்பினன். ஆகையால் மூன்று நாட்கள், மூன்று கண்காட்சிகள், மூன்று தட்டு பிஸ்கற்றுகளுடன் அமர்ந்திருந்து பார்த்தேன். பார்த்ததையும் அதுபற்றி நான் கொண்ட கருத்தையும் வாசகர்களுடன் பகிர்ந்து கொள்வது அவசியமெனத் தோன்றுகிறது. ஏனெனில் இந்தப் பொறி இன்று வங்கிகளிலும் கணனி நிறுவனங்களிலும் மட்டும் இருப்பதன்று. எம்மவர் பெருந்தொகையாக வேலை செய்யும் மருத்துவமனைகள், உணவக வலையமைப்புகள், பண்டகசாலைகள், துப்புரவு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குள்ளும் அது வந்துவிட்டது. எம்மவரே முதலாளிகளாக உள்ள நிறுவனங்களின் கதவையும் அது தட்டுகிறது.

முதலில், பொருள் யாதென்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'திறன் முகாமை' என்று இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். ஊழியருக்கு ஆண்டின் தொடக்கத்தில் இலக்குகள் வகுப்பது, இடையிடையே மேற்பார்வையாளர் குறிப்பெழுதுவது, சக ஊழியரிடமும் கருத்துக் கேட்பது, ஆண்டிறுதியில் 1 முதல் 5 வரை புள்ளியிடுவது, யாருக்குப் பயிற்சி, யாருக்குப் பதவி உயர்வு, யார் விலகக்கூடும் என்று பட்டியலிடுவது ஆகியவை இதன் வேலைகள். சாப் நிறுவனம் விற்கும் சக்ஸஸ்ஃபாக்ரர்ஸ், 2005இல் தொடங்கப்பட்ட வேர்க்டே, ஒராக்கிள் நிறுவனத்தின் பொதி ஆகியவை பெரிய நிறுவனங்களுக்கானவை. சென்னையில் வேரூன்றிய சோகோ நிறுவனமும் இத்துறையில் ஒரு மென்பொருளை விற்கிறது. விலை பெரும்பாலும் தலைக்கு மாதம் இத்தனை யூரோ என்ற கணக்கில் வரும். தலைக்கு இத்தனை என்று கேட்டதுமே எனக்கு ஆட்பிடிக்கும் கங்காணிகள் நினைவுக்கு வந்தனர் என்பதை ஒளிப்பானேன்.

அளவிடுதல் புதிய விடயமன்று. மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' போட்ட செக்ரோல் புத்தகம், நாள் முழுதும் நின்ற கால்களைக் கணக்கில் எடுத்ததில்லை. அமெரிக்காவில் பிரெடெரிக் ரெய்லர், பெத்லகேம் உருக்காலையில் ஒருவன் நாளொன்றுக்கு 12.5 தொன் இரும்புக் கட்டிகளைச் சுமப்பதை 47.5 தொன்னாக உயர்த்தலாம் என்று கடிகாரத்தைக் கையிற்பிடித்துக் கணக்கிட்டார். 1911இல் அதை நூலாகவும் எழுதினார். கொழுந்துக்கும் இரும்புக்கும் நிறை உண்டு. அவற்றை நிறுத்தமை கொடுமையாக இருந்திருக்கலாம். ஆயினும் நிறுக்கப்பட்டது ஒரு பொருள். இன்றைய பொறி நிறுப்பதோ 'முன்முயற்சி', 'குழு மனப்பாங்கு', 'தொடர்பாடல்' போன்றவற்றை. இவற்றை வைப்பதற்கு எந்தத் தராசிலும் தட்டு இல்லை. இருப்பது மேற்பார்வையாளரின் அபிப்பிராயம் ஒன்றே. அபிப்பிராயம் கணனிக்குள் போய் 3.4 என்று தசமத்துடன் வெளியே வரும்போது அது உண்மையின் தோற்றத்தைப் பெற்றுவிடுகிறது.

இதை நான் மனக்கசப்பால் எழுதவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 4,492 முகாமையாளர்களை அவர்களது மேலதிகாரிகள் இருவர், சமநிலையினர் இருவர், கீழ்ப்பணியாற்றுவோர் இருவர் என ஆளுக்கு அறுவர் மதிப்பிட்ட புள்ளிகளை எடுத்து ஆராய்ந்தது. புள்ளிகளிடையே காணப்பட்ட வேறுபாட்டில் 62 வீதம் மதிப்பிட்டவரின் தனிப்பட்ட போக்கினால் ஏற்பட்டது. மதிப்பிடப்பட்டவரின் உண்மையான செயற்பாட்டினால் ஏற்பட்டது 21 வீதம் மட்டுமே. அதாவது, எனக்கு இடப்பட்ட புள்ளி என்னைப் பற்றிச் சொல்வதைவிட, அதை இட்டவரைப் பற்றியே கூடுதலாகச் சொல்கிறது. இந்த ஆய்வை 2015இல் எடுத்துக்காட்டியவர்கள் தொழிலாளர் தலைவர்கள் அல்லர். டெலொய்ற் என்ற பெரும் கணக்காய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையை மாற்றியமைத்தவர்களே அதைக் காட்டினர். அந்நிறுவனம் தனது பழைய முறைக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 20 இலட்சம் மணித்தியாலங்களைச் செலவிட்டு வந்ததாகவும் அவர்களே கணக்குக் காட்டினர்.

ஏனையோரின் அனுபவமும் இதற்கு மாறானதன்று. ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தில் ஜக் வெல்ஷ் தலைவராக இருந்த காலத்தில், ஊழியரை மேலே 20 வீதம், நடுவே 70 வீதம், கீழே 10 வீதம் எனப் பிரித்துக் கீழுள்ளோரை வெளியேற்றும் முறை புகழ்பெற்றது. மைக்ரோசொவ்ற் நிறுவனமும் நெடுங்காலம் ஊழியரை வரிசைப்படுத்தியே வந்தது. பத்துப் பேரும் நன்றாகவே உழைத்த குழுவிலும் ஒருவர் கடைசியில் நின்றாக வேண்டும் என்பதால், திறமைசாலிகள் ஒருவர் அருகில் மற்றவர் வேலை செய்ய அஞ்சினர் என்பது வெளியுலகம் அறிந்த கதை. 2013 நவம்பரில் அந்நிறுவனம் அந்த முறையைக் கைவிட்டது. அடொபி நிறுவனம் ஆண்டு மதிப்பீட்டையே 2012இல் நீக்கியது. இதற்கெல்லாம் முன்பாகவே, யப்பானியத் தொழிற்சாலைகளுக்குத் தரக் கட்டுப்பாட்டைக் கற்பித்த எட்வேர்ட்ஸ் டெமிங், ஆண்டுதோறும் புள்ளியிடுவதை நிறுவனங்களைப் பீடிக்கும் கொடிய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்திருந்தார்.

பெரியவர்கள் உண்டு கழித்த இலையைச் சிறியவர்கள் விலைகொடுத்து வாங்குவது விந்தை. எங்கள் இல்லத்துக்கு வந்த முதலாவது விற்பனையாளர் பெருமையுடன் காட்டியது அதே வரிசைப் பட்டியலைத்தான். நிறம் மட்டும் புதிது.

எம்மிடம் அந்த மென்பொருளைப் பரிசோதனையாக ஒரு பிரிவில் இயக்கிப் பார்த்தார்கள். அப்பிரிவில் எம்மவரான சகோதரி ஒருவர் பதினான்கு ஆண்டுகளாக இரவுப் பணியில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறார். அவருக்கு 'ஆவணப்படுத்தல்' 2, 'தொடர்பாடல்' 2 என்று வந்தது. காரணத்தைத் தேடிப் பார்த்தோம். அவர் இரவு அறிக்கையில் எழுதும் ஜேர்மன் வாக்கியங்கள் குறுகியவை. 'அமைதியாக உறங்கினார்' என்பதற்கு மேல் எழுதமாட்டார். அதே பிரிவில் வேறொருவர் ஒவ்வொரு இரவும் அரைப் பக்கம் எழுதுகிறார். ஏனெனில் அவருடைய இரவுகளில் மூதாட்டி ஒருவர் இரண்டு தடவை எழுந்து, கதவைத் தட்டி, ஒருமுறை விழுந்தும் இருக்கிறார். எம் சகோதரியின் இரவுகளில் அந்த மூதாட்டி எழுவதில்லை. மறதி நோயினால் தன் பிள்ளைகளின் பெயரையே இழந்துவிட்ட அவருடைய கட்டிலருகில், படுக்கைக்குப் போகும் வேளையில் இருபது நிமிடங்கள் கையைப் பிடித்தபடி அமர்ந்திருப்பது எம் சகோதரியின் வழக்கம். அதை அவர் எங்கும் எழுதியதில்லை. எழுதுவதற்குப் பெட்டியும் இல்லை.

பராமரிப்புத் தொழிலில் நல்ல வேலையின் அடையாளம் நிகழாமற்போனவையே: வராத படுக்கைப் புண், விழாத முதியவர், அழைக்கப்படாத அம்புலன்ஸ். நிகழ்ந்தவற்றை எண்ணும் பொறிக்கு நிகழாதவை தெரியா. இதை அந்த விற்பனையாளரிடம் நான் சொன்னபோது, புதிய பெட்டி ஒன்றைச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். கட்டணம் தனி.

மொழியின் விடயம் இதனுடன் ஒட்டியே வருகிறது. 'தொடர்பாடல்' என்ற தலைப்பின் கீழ் இடப்படும் புள்ளி, எத்தனை இடங்களில் உண்மையில் உச்சரிப்புக்கு இடப்படும் புள்ளியாக இருக்கிறது என்பதை வாசகர்களே தம் அனுபவத்தில் எண்ணிப் பார்க்கலாம். கற்ற தொழிலின் விடயமும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர், காபூலில் மருத்துவத் தாதியாக இருந்தவர் ஆகியோரின் கல்வியைப் பதிவதற்கு, முதலாவது மென்பொருளில் விரிந்த பட்டியலில் இடமே இருக்கவில்லை. 'ஏனையவை' என்பதைத்தான் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. 'திறன் முகாமை' என்ற பெயருடைய பொறிக்குள் புகுந்ததும் எங்கள் திறன்கள் 'ஏனையவை' ஆகிவிட்டன. அமேசன் நிறுவனம் 2014 தொடக்கம் ஆக்கிப் பார்த்த ஆட்தெரிவுக் கணனி நிரல், கடந்த பத்தாண்டுகளின் விண்ணப்பங்களைப் படித்துப் பழகி, பெண்கள் என்று காட்டும் சொற்கள் உள்ள விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. நிறுவனம் பின்னர் அதைக் கைவிட்டது. இச்செய்தி 2018இல் வெளியாயிற்று. பழைய தெரிவுகளைப் பார்த்துப் பழகும் பொறி பழைய பாரபட்சத்தையும் சேர்த்தே கற்கும். பழைய தெரிவுகளில் எம்மவர் எத்தனை பேர் இருந்தனர்?

ஆயினும் புள்ளியைவிட அதிகம் அஞ்சத்தக்கது குறிப்பு என்பது என் கருத்து. இங்குதான் வாசகர்கள், குறிப்பாக வதிவிட நிலை இன்னும் உறுதியாகாதவர்கள், சற்று நின்று கவனிக்க வேண்டும்.

நூர்ன்பேர்க் நகரில் இருந்த எச் அன்ட் எம் ஆடை நிறுவனத்தின் சேவை நிலையத்தில், விடுமுறையிலோ சுகவீனத்திலோ இருந்து திரும்பும் ஊழியருடன் குழுத் தலைவர்கள் 'நல்வரவு உரையாடல்' நடத்தும் வழக்கம் இருந்தது. விடுமுறை எவ்வாறு கழிந்தது, என்ன நோய், வீட்டில் என்ன சிக்கல் என்று அன்புடன் விசாரிப்பார்கள். விசாரித்தவற்றைக் கணனியில் பதிந்து வைப்பார்கள். நோயின் விபரங்கள், குடும்பப் பிரச்சினைகள், மத நம்பிக்கை வரை அதில் இருந்தன. ஐம்பது வரையான முகாமையாளர்கள் அவற்றைப் படிக்கக்கூடியதாக இருந்தது. இந்தத் தகவல்கள் ஊழியரின் உழைப்பைப் பற்றிய மதிப்பீட்டுடன் சேர்த்து, வேலை தொடர்பான முடிவுகளுக்கும் பயன்பட்டன. 2019 ஒக்ரோபரில் ஏற்பட்ட கணனித் தவறொன்றினால் அந்தக் கோவை சில மணித்தியாலங்கள் நிறுவனம் முழுவதற்கும் திறந்து கிடந்தது. அப்போதுதான் விடயம் வெளியே வந்தது. 2020 ஒக்ரோபரில் ஹம்பேர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் 3 கோடியே 53 இலட்சம் யூரோவுக்கு அண்ணளவாகத் தண்டம் விதித்தார்.

விடுமுறை எங்கே கழிந்தது என்ற கேள்வியை எம்மவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அகதியாக அங்கீகரிக்கப்பட்டவர், தாயின் மரணச் சடங்குக்காகத் தாயகம் போய் வந்ததை மேற்பார்வையாளரிடம் கண்கலங்கிச் சொல்கிறார். அவரும் அனுதாபத்துடனேயே 'இலங்கை சென்று வந்தார்' என்று ஒரு வரி பதிகிறார். பாதுகாப்புத் தேடி ஓடிவந்த நாட்டுக்குத் திரும்பிச் சென்று வருவது, வழங்கப்பட்ட பாதுகாப்பையே மீளாய்வுக்கு உட்படுத்தக்கூடிய விடயம் என்பது எமக்குத் தெரியும். அந்த மேற்பார்வையாளருக்குத் தெரியாது. அவர் தீங்கு நினைக்கவில்லை. ஆனால் அந்த வரி பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். அவர் விலகிச் சென்ற பின்னரும், நிறுவனம் கைமாறிய பின்னரும், யாரோ ஒருவர் படிக்கக்கூடியதாக இருக்கும். வாயாற் சொன்னது காற்றோடு போகும் என்ற காலம் வேலைத்தலத்தில் முடிந்துவிட்டது.

வேலையில் குறைந்த புள்ளி பெறுவது பிறருக்குச் சம்பள உயர்வு பிந்தும் விடயம். வேலை போனால் வதிவிட அனுமதியும் ஆட்டங்காணும் நிலையில் உள்ளவருக்கு அது வேறு விடயம். நன்னடத்தை, நிரந்தர வேலை, வேலைகொள்வோரின் கடிதம் என்று கேட்கும் அலுவலகத்தின் முன் அவர் அந்தக் கடிதத்துடன்தான் நிற்கிறார். ஜேர்மனியில் 'சொய்க்னிஸ்' எனப்படும் வேலைச் சான்றிதழின் சங்கேத மொழியை எம்மவர் பலர் பட்டே அறிந்துள்ளனர். 'எப்போதும் எமது மிக முழுமையான மனநிறைவுக்கு ஏற்பச் செயற்பட்டார்' என்றால் முதலாந்தரம். 'எமது மனநிறைவுக்கு ஏற்பச் செயற்பட்டார்' என்றால், கேட்க இனிமையாக இருந்தாலும் நான்காந்தரம். 'முயற்சி செய்தார்' என்றால் வேறு வேலை கிடைப்பது அரிது. புள்ளியைக் கொடுத்தால் இந்த வாக்கியங்களைத் தானே கோத்துத் தரும் மென்பொருட்களும் விற்பனையில் இருக்கின்றன. பரிசோதனையில் இடப்பட்ட அந்த 2, இவ்வாறு ஒரு நாள் கடிதமாக மாறும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத்துப் பதிவே வேண்டாம் என்று முடித்தால் அது நேர்மையாகாது. றூர் பிரதேசத்தில் துப்புரவு நிறுவனம் நடத்தும் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னிலும் மூத்தவர், கோப்பை கழுவிச் சேர்த்த பணத்தில் தொடங்கி இன்று அறுபது பேருக்கு வேலை கொடுக்கிறார். அவரும் இப்படியொரு மென்பொருளை வாங்க யோசிக்கிறார். என் ஆட்சேபங்களைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, எழுதி வைக்காட்டில் என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியாதே? என்ரை மச்சான்ரை பெடியன்தான் மேற்பார்வையாளராவான். பத்து வருசம் ஒழுங்காய் வேலை செய்த ஆபிரிக்கப் பெடியன் பாத்துக்கொண்டு நிப்பான்."

இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார். ஊரவன், உறவினன், ஒரே பாடசாலை என்று பார்த்து மேலே ஏற்றும் பழக்கம் எம்மவர் கடைகளிலும் நிறுவனங்களிலும் உண்டு. அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. யார் எந்தப் பயிற்சி பெற்றார், எந்த இயந்திரத்தை இயக்கத் தெரிந்தவர், பதவி உயர்வு யாருக்கு என்ன காரணத்தால் வழங்கப்பட்டது என்பவை எழுத்தில் இருந்தால் நலிந்தவருக்கு அது கேடயமாகும். ஒன்றும் எழுதாத முதலாளியிடம் வாதாட ஊழியரிடம் ஆதாரமும் இராது. ஆகையால் பதிவா, பதிவின்மையா என்று வாதிடுவதில் பயனில்லை. எதைப் பதிவது, யார் படிப்பது, பதியப்பட்டவர் பதில் எழுத முடியுமா என்பவையே கேட்கப்பட வேண்டியவை. எந்த மென்பொருளைத் தெரிவது என்பதும் இந்தக் கேள்விகளின் விடையில்தான் தங்கியிருக்கிறது. திரையின் அழகில் அன்று.

நண்பருக்கு நான் சொன்ன ஆலோசனையை இங்கும் தருகிறேன். விற்பனையாளரை அழைக்கு முன், கிடைக்கும் புள்ளியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அறுபது பேரில் யாருக்கு எந்தப் பயிற்சி தேவை என்று அறிவதே நோக்கமாயின் புள்ளியே தேவையில்லை. பயிற்சிப் பதிவும் ஆண்டுக்கு இருமுறை அமர்ந்து பேசி இருவரும் கையொப்பமிடும் குறிப்பும் போதும். மலிவான சிறு மென்பொருள் அதைச் செய்யும். வரிசைப்படுத்தும் வசதியையும் 'விலகக்கூடியவர்' என்று சிவப்புக் குறியிடும் வசதியையும் முழுவதாக அணைத்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாதெனில் அந்தப் பொருள் வேண்டாம். தன்னைப் பற்றி எழுதப்பட்டதை ஊழியர் எந்த நேரமும் பார்க்கவும், அதன் கீழே தன் மறுப்பை எழுதவும் இடமுண்டா? அவர் எழுதுவது தமிழிலோ அரபியிலோ இருந்தாலும் எழுத்து உடையாமல் ஏற்குமா? இதை விற்பனையாளரின் கணனியில் அவர் முன்னாலேயே தட்டச்சுச் செய்து பாருங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். நோய், மதம், குடும்பம், பயணம் என்பவற்றை எழுதும் இடமே இல்லாதவாறு பெட்டிகளை அமைக்க முடியுமா? எத்தனை ஆண்டுகளின் பின் குறிப்பு தானாக அழியும்? ஒப்பந்தம் முடியும்போது பதிவுகளை உங்களிடம் தந்துவிட்டுத் தம் பிரதியை அழிப்பார்களா? எந்த நாட்டுக் கணனியில் அவை கிடக்கும்?

பெயர் விடயத்தையும் பாருங்கள் என்றேன். சிறிய விடயமாகத் தோன்றும். எம்மவருக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயராகப் பதியப்பட்டிருக்கும். மனைவிக்கு ஒரு பத்திரத்தில் தந்தை பெயர், இன்னொன்றில் கணவன் பெயர். நீண்ட பெயர்கள் பெட்டிக்குள் அடங்காமல் நடுவே வெட்டுண்டு கிடக்கும். ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தோர் பலரின் பிறந்த தேதி ஜனவரி 1 என்றே பதிவாகியுள்ளது. பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு ஆளை அடையாளம் காணும் பொறி, இருவரின் கோவையை ஒன்றாக்கிவிடக்கூடும். மற்றவரின் எச்சரிக்கைக் கடிதம் உங்கள் பெயரில் ஏறிய பிறகு அதை இறக்குவது இலகுவன்று.

கடைசியாக, பணியாளர் மன்று ஒன்றைத் தெரிவுசெய்ய உங்கள் ஊழியருக்கு உரிமை உண்டு, அவர்களுடன் பேசி வாங்குங்கள் என்றும் சொன்னேன். வாக்களிக்கத் தகுதியுள்ள ஐந்து ஊழியர் நிரந்தரமாக இருந்தாலே போதுமென்றேன். அந்த இடத்தில் நண்பரின் முகம் சற்று வாடியது. தேநீர் ஊற்றி வருவதாக எழுந்து போனார்.

ஊழியராக உள்ள வாசகர்கள் தம் கையில் ஏற்கெனவே இருப்பதை அறிந்திருத்தல் நன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 தொடக்கம் நடைமுறையிலுள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் உறுப்புரையின்படி, உங்களைப் பற்றிப் பதியப்பட்டுள்ளவற்றின் பிரதியை வேலைகொள்வோரிடம் கேட்கலாம், பொதுவாக ஒரு மாதத்துக்குள் அவர் பதிலளிக்க வேண்டும், கட்டணம் இல்லை. பிரித்தானியாவிலும் இதே உரிமை தொடர்கிறது. 22ஆம் உறுப்புரை, மனிதரின் தலையீடின்றிக் கணனி மட்டும் எடுக்கும் பாரதூரமான முடிவுகளுக்கு உட்படாதிருக்கும் உரிமையைத் தருகிறது. ஜேர்மனியில் 83ஆம் பிரிவின்படி தன் கோவையைப் பார்வையிடவும், மன்று உறுப்பினர் ஒருவரை உடனழைத்துச் செல்லவும், தன் விளக்கத்தை அதனுடன் இணைக்கவும் ஊழியருக்கு உரிமையுண்டு. மன்றுத் தேர்தலில் குடியுரிமை கேட்கப்படுவதில்லை. நகரசபைக்கு வாக்களிக்க முடியாத தஞ்சக் கோரிக்கையாளரும் இங்கு வாக்களிக்கலாம். ஆறு மாதங்கள் வேலை செய்திருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். இந்நாட்டில் எமக்கு முதலிற் கிடைக்கும் வாக்குரிமை இதுவேயாயினும் இதைப் பயன்படுத்துவோர் எம்மில் குறைவு. சுவிஸில், வேலையில் இருக்கும்போதே எந்நேரமும் சான்றிதழ் கேட்கும் உரிமை கடப்பாட்டுச் சட்டத்தின் 330அ உறுப்புரையில் உள்ளது. மேற்பார்வையாளர் மாறப்போகிறார் என்று அறிந்தால், உங்களை நன்கறிந்தவர் இருக்கையிலேயே அதைக் கேட்டுப் பெறுவது புத்தி. கனடாவின் ஒன்ராறியோவில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், ஊழியரைக் கணனி வழியாகக் கண்காணிக்கிறதா, எவ்வாறு என்பதை 2022 முதல் எழுத்தில் தரவேண்டும். எழுத்தில் தந்தால் போதும், கண்காணிப்பைத் தடுக்கவில்லை என்பது அச்சட்டத்தின் குறை.

பிரான்சில், பண்டகசாலை ஊழியரின் கையில் இருந்த வருடி ஒவ்வொரு பொருளுக்கும் இடையே கழிந்த கணங்களை எண்ணியது. 1.25 வினாடிக்குள் அடுத்த பொருளை வருடினால் அவசரம் என்றும், பத்து நிமிடங்கள் வருடாதிருந்தால் சோம்பல் என்றும் பதிந்தது. தேசியத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில் அமேசனின் பிரெஞ்சு நிறுவனத்துக்கு 3 கோடியே 20 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஓகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது; ஊழியரை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவு முறைகளை அது 'உயர் அபாயம்' என்ற வகுப்பில் வைத்துள்ளது. முகத்தையோ குரலையோ கொண்டு வேலைத்தலத்தில் ஊழியரின் உணர்ச்சியைக் கணிப்பது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர்ந்த இடங்களில், 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. சட்டம் இருக்கிறது. ஆனால் முறையிட ஆள் வேண்டும். அந்த வருடியைக் கையிற் பிடித்திருப்பவர் தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பவராயின், அவர் முதலாவதாக முறையிடமாட்டார். பக்கத்தில் நிற்கும், பத்திரம் உறுதியான எம்மவர்தான் அதைச் செய்ய வேண்டியவர். முப்பது ஆண்டுகளாக இங்கு வாழ்ந்து குடியுரிமையும் பெற்றபின், புதிதாக வந்தவரின் புள்ளியைப் பற்றி எமக்கென்ன என்று இருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே இருந்தேன்.

எங்கள் இல்லத்தில் நடந்தது இதுதான். முதலாவது மென்பொருளை மன்று ஏற்கவில்லை. மூன்றாவது விலை அதிகம் என்று நிர்வாகமே விலக்கியது. இரண்டாவதை இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்ற உடன்படிக்கையுடன் ஏற்றோம். புள்ளியும் வரிசையும் அணைக்கப்பட்டுள்ளன. சுகவீன விடுப்பைப் பற்றிய பெட்டி நீக்கப்பட்டது. உரையாடலின் குறிப்பு மூன்று ஆண்டுகளில் அழியும். ஊழியர் ஒப்பமிடாத குறிப்பு செல்லாது. தாய்மொழியில் பதிலெழுதும் உரிமைக்கு நிர்வாகம் நீண்ட நேரம் இணங்கவில்லை. யார் மொழிபெயர்ப்பது என்று கேட்டார்கள். இரவில் முதியவர்களுக்கும் வைத்தியருக்கும் இடையே நாங்கள் இலவசமாக மொழிபெயர்க்கவில்லையா என்று துருக்கியச் சகோதரி ஒருவர் கேட்ட பின்னர் இணங்கினர்.

பரிசோதனையில் இடப்பட்ட புள்ளிகளை அழித்துவிட்டதாக எழுத்தில் உறுதி தந்திருக்கிறார்கள். எம் இரவுப் பணிச் சகோதரியின் முதலாவது உரையாடல் வருகிற மாதம். அந்த இருபது நிமிடங்களைப் பற்றித் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். "இதிலை எழுத என்ன கிடக்கு?" என்று கேட்டார். இன்னும் எழுதித் தரவில்லை.